சார்ஜ் ஃபுல், ஆனால் மேடு ஏறவில்லை: பேட்டரி காரின் பேட்டரிகளைச் சோதிப்பதும் மாற்றுவதும்

“அண்ணே, ராத்திரி பூரா சார்ஜ் போட்டேன். காலையில மீட்டர் ஃபுல்லா காட்டுச்சு. ரெண்டு டிரிப்தான் அடிச்சேன், மேட்டுல நின்னுடுச்சு.”

ஏற்காடு பக்கம் ஒரு தங்கும் விடுதியில் ஆறு பேர் உட்காரும் பேட்டரி கார் ஒன்றை நான் பராமரித்து வருகிறேன். அதை ஓட்டும் தம்பி ஒருநாள் இப்படி வந்து நின்றான். விடுதிக்காரர்கள் என்னிடம் கேட்டது ஒன்றைத்தான்: “எட்டு பேட்டரியும் போச்சா?” இந்தக் கேள்விக்குச் சரியான பதில் சொல்லத் தெரிந்தால் பெரிய செலவு மிச்சமாகும். சில சமயம், செய்யவேண்டிய செலவைத் தள்ளிப்போட்டு வீணாகும் பணமும் மிச்சமாகும். அந்தப் பதிலுக்கு எப்படிப் போய்ச் சேருவது என்பதை, இதுவரை சீட்டைத் தூக்கிப் பார்த்திராதவருக்கும் புரியும்படி சொல்கிறேன்.

கோல்ஃப் மைதானத்தில் ஆட்டக்காரரையும் அவருடைய மட்டைப் பையையும் சுமப்பதற்காக வந்த வண்டி இது. பேர்பெற்ற கிளப் கார், ஈ-இசட்-கோ ஆகிய இரண்டு நிறுவனங்களுமே அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் அகஸ்டா நகர வட்டாரத்தில் இருப்பவை. சென்னை சென்ட்ரலில் முதியவர்களை ஏற்றிப்போவதும், வண்டலூர் பூங்காவைச் சுற்றிக்காட்டுவதும் இதே இனத்து வண்டிகள்தான். நம் ஊரில் யாரும் கோல்ஃப் கார்ட் என்று சொல்வதில்லை, பேட்டரி கார்தான். ஈய அமில பேட்டரியில் ஓடும் எந்த பேட்டரி காருக்கும் கீழே வரும் சோதனை பொருந்தும்.

சீட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது

சீட்டைத் தூக்கினால் வரிசையாகப் பெட்டிகள் தெரியும். எல்லா வண்டியிலும் எண்ணிக்கை ஒன்றல்ல. 36 வோல்ட் வண்டியில் ஆறு வோல்ட் பேட்டரி ஆறு இருக்கும். 48 வோல்ட் வண்டியில் எட்டு வோல்ட் பேட்டரி ஆறு, அல்லது பன்னிரண்டு வோல்ட் நான்கு, அல்லது ஆறு வோல்ட் எட்டு இருக்கும். எங்கள் வண்டியில் ஆறு வோல்ட் எட்டு. எத்தனை வோல்ட் என்று தெரியாவிட்டால் மேலே இருக்கும் மூடிகளை எண்ணுங்கள். ஒரு மூடிக்கு ஒரு செல், ஒரு செல்லுக்கு ஏறக்குறைய இரண்டு வோல்ட். மூன்று மூடி என்றால் ஆறு வோல்ட், நான்கு என்றால் எட்டு.

இந்த எட்டும் சீரிஸில் இணைந்திருக்கும். ஒன்றின் பிளஸ் அடுத்ததின் மைனஸில் போய்ச் சேரும். இதன் பொருள் புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். தளம் போடும் இடத்தில் ஆட்கள் வரிசையாக நின்று கலவைச் சட்டியைக் கைமாற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். முதல் ஆள் கையில் எத்தனை சட்டி போகிறதோ, அத்தனையும் எட்டாவது ஆள் கையிலும் போயாக வேண்டும். நடுவில் ஒருவருக்கு முடியவில்லை என்றால், மற்ற ஏழு பேர் எவ்வளவு திடமாக இருந்தாலும் வரிசை அவருடைய வேகத்தில்தான் நகரும். பேட்டரி செட்டும் அப்படியே. எட்டிலும் ஒரே கரண்ட்தான் ஓடுகிறது. மிகவும் தளர்ந்த ஒன்று எவ்வளவு தாங்குகிறதோ அவ்வளவுதான் மொத்த செட்டின் பலம்.

அதைவிட மோசமான ஒன்றும் உண்டு. தளர்ந்த செல் முதலில் காலியாகிவிடும். மற்றவற்றில் இன்னும் சரக்கு இருப்பதால் அவை அந்தக் காலியான செல் வழியாகக் கரண்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அப்போது அந்தச் செல்லில் பிளஸ் மைனஸ் தலைகீழாகத் திரும்பும். சில தடவை இப்படி நடந்தால் போதும், அந்தச் செல் தேறாது. நிற்கும் தறுவாயிலும் “இன்னும் ஒரு டிரிப் இழுத்துடலாம்” என்று ஓட்டுவது செட்டுக்குச் செய்யும் பெரிய கெடுதல். ஓட்டுபவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இதைத்தான்.

‘ஃபுல்’ என்றால் என்ன

செல்லுக்குள் இரண்டு வகைத் தகடுகள், நடுவில் கந்தக அமிலமும் தண்ணீரும் கலந்த கரைசல். வண்டி ஓடும்போது அமிலத்தில் உள்ள சல்பேட் தகடுகளில் போய் ஒட்டுகிறது, கரைசல் நீர்த்துப்போகிறது. சார்ஜ் ஏற்றும்போது சல்பேட் தகட்டை விட்டுக் கரைசலுக்குத் திரும்புகிறது, கரைசல் மீண்டும் கெட்டிப்படுகிறது. பேட்டரியைக் காலியாகவே பல நாள் விட்டுவைத்தால் ஒட்டிய சல்பேட் இறுகிப் படிகமாகிவிடும். பிறகு சார்ஜருக்கு அது அசைந்து கொடுக்காது. இது ஒரு வகைத் தேய்மானம். இன்னொன்று வயதால் வருவது: பாசிட்டிவ் தகட்டின் கம்பி அரித்து, மேலே பூசிய பொருள் உதிர்ந்து பெட்டியின் அடியில் படியும்.

இப்போது தூர் வாராத ஒரு கண்மாயை நினைத்துக்கொள்ளுங்கள். மழை பெய்தால் தண்ணீர் கரை மட்டத்துக்கு வந்து நிற்கும். அளவுக் கல்லைப் பார்த்தால் நிறைந்துவிட்டது என்றே சொல்வீர்கள். ஆனால் பாதி ஆழம் வண்டல். மடையைத் திறந்தால் ஒரு வாரம் பாய வேண்டியது இரண்டே நாளில் வற்றிவிடும். டாஷ்போர்டு மீட்டர் அந்த அளவுக் கல்தான். மட்டத்தைச் சொல்லும், கொள்ளளவைச் சொல்லாது. தம்பி பார்த்த ‘ஃபுல்’ பொய்யில்லை. ஆனால் அது வேறு கேள்விக்கான பதில்.

அதனால்தான் மடையைத் திறந்து பார்க்கும் சோதனை, அதாவது லோடு கொடுத்துப் பார்க்கும் சோதனை இல்லாமல் எந்த பேட்டரிக்கும் நான் தீர்ப்புச் சொல்வதில்லை.

கை வைப்பதற்கு முன்

சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளியாகும். காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி பட்டால் வெடிக்கும். பீடி, சிகரெட், ஊதுபத்தி எதுவும் பக்கத்தில் கூடாது. மோதிரம், காப்பு, அரைஞாண் கயிற்றில் தொங்கும் சாவிக்கொத்து எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிடுங்கள். ஒரு ஸ்பேனர் தவறி இரண்டு டெர்மினலுக்கு நடுவே விழுந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் சிவந்து வெல்டாகிவிடும். ஸ்பேனரின் கைப்பிடியில் இன்சுலேஷன் டேப்பை நன்றாகச் சுற்றிக்கொள்ளுங்கள். கண்ணாடியும் ரப்பர் கையுறையும் கட்டாயம். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் கொஞ்சம் ஆப்ப சோடாவும் இருக்கட்டும். அமிலம் கண்ணில் பட்டால் வெறும் தண்ணீரால் கால் மணி நேரமாவது கழுவிவிட்டு மருத்துவரிடம் ஓட வேண்டும். ஆப்ப சோடா கண்ணுக்கல்ல, தரைக்கும் பெட்டிக்கும்தான்.

பிறகு மீட்டர் எதுவும் இல்லாமல் சும்மா பாருங்கள். டெர்மினலில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருக்கிறதா? பெட்டியின் பக்கச் சுவர் உப்பியிருக்கிறதா? ஏதாவது ஒரு கேபிளின் முனை மட்டும் கறுத்திருக்கிறதா? வண்டி ஓடி வந்த சூட்டோடு கேபிள் முனைகளைப் புறங்கையால் மெல்லத் தொட்டால், மற்றதைவிடச் சுடும் முனை ஒன்று அகப்படலாம். அங்கே நட்டு தளர்ந்திருக்கும், அல்லது உள்ளே கம்பி அரித்திருக்கும். பேட்டரி போய்விட்டது என்று என்னிடம் வந்த வண்டிகளில் சிலவற்றுக்கு ஒரு கம்பி பிரஷ், ஆப்ப சோடாத் தண்ணீர், புதுக் கேபிள் ஒன்று, இவ்வளவுதான் தேவைப்பட்டது.

மூடியைத் திறந்து தண்ணீர் மட்டத்தையும் பாருங்கள். தகடு வெளியே தெரிந்தால் அது மூழ்கும் அளவுக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர் விட்டு, முழு சார்ஜ் ஏற்றி, அதன் பிறகு மீதியை நிரப்ப வேண்டும். நிரப்பும் அளவு, மூடித் துளையின் உட்குழாய் முடியும் இடத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் கீழே. சார்ஜுக்கு முன்பே முழுக்க நிரப்பினால், சூடேறிக் கரைசல் பொங்கி அமிலம் வெளியே வழியும். வீட்டு ஆர்ஓ தண்ணீர் வேண்டாம், அதில் உப்பு இன்னும் இருக்கிறது. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து ஊற்றுகிறவர்களும் உண்டு. அது காயிலின் உலோகத் துகளையும் தூசியையும் சேர்த்துக்கொண்டு வருவதால் அதுவும் வேண்டாம். ஆசிட் ஊற்றவே கூடாது. ஆவியாகிப் போனது தண்ணீர் மட்டும்தான், அமிலம் உள்ளேயே இருக்கிறது.

முதல் சோதனை: ஓய்வில் வோல்ட்டேஜ்

முழு சார்ஜ் ஏற்றிச் சார்ஜரைக் கழற்றியதும் அளந்தால் வோல்ட்டேஜ் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். தகட்டின் மேற்பரப்பில் மட்டும் தேங்கிய சார்ஜ் அது. குறைந்தது ஆறு மணி நேரமாவது வண்டியைத் தொடாமல் விடுங்கள், ஒரு நாள் விட்டால் இன்னும் நல்லது. பிறகு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து ஒவ்வொரு பேட்டரியாக அளந்து, சாக்பீஸால் பெட்டியின் மேலேயே எழுதுங்கள்.

முழு சார்ஜில் ஆறு வோல்ட் பேட்டரி சுமார் 6.37 காட்ட வேண்டும். எட்டு வோல்ட் 8.49, பன்னிரண்டு வோல்ட் 12.73. பாதி சார்ஜில் இவை 6.05, 8.07, 12.10 என்று இறங்கும். பாருங்கள், ஆறு வோல்ட் பேட்டரியில் முழுமைக்கும் பாதிக்கும் நடுவே இருப்பது வெறும் 0.32 வோல்ட். அதனால் இரண்டாவது தசமத்தை அலட்சியம் செய்யக் கூடாது.

எங்கள் வண்டியில் ஆறு பேட்டரிகள் 6.30 முதல் 6.34 வரை காட்டின. வண்டியின் பின்புறம் இருந்த ஏழாவதும் எட்டாவதும் 6.22, 6.19. சந்தேகப்பட இது போதும், தண்டிக்கப் போதாது. ஒரு செல் முழுக்க ஷார்ட் ஆகியிருந்தால் விஷயம் இவ்வளவு நுணுக்கமாக இருக்காது. ஆறு வோல்ட் பேட்டரி நேரே நாலேகால் பக்கம் நின்றுவிடும், அங்கேயே பதில் கிடைத்துவிடும்.

இரண்டாவது: ஹைட்ரோமீட்டர்

பேட்டரி கடையில் குறைந்த விலைக்கே கிடைக்கும் கண்ணாடிக் குழாய் இது. மேலே ரப்பர் பல்பு, உள்ளே மிதவை. பல்பை அழுத்திக் கரைசலை உறிஞ்சினால் மிதவை மிதக்கும். கரைசல் கெட்டியாக இருந்தால் உயரமாக நிற்கும், நீர்த்திருந்தால் தாழும். இரண்டு மூன்று தடவை உறிஞ்சி அதே செல்லில் விட்டுவிட்டு, அதன் பிறகு உறிஞ்சியதில் அளவெடுங்கள். மிதவை குழாயின் சுவரில் ஒட்டாமல் இருக்க வேண்டும், கண் அதன் மட்டத்துக்கு வர வேண்டும். எந்தச் செல்லில் எடுத்தீர்களோ அதிலேயே திருப்பி விடுங்கள். தண்ணீர் ஊற்றிய கையோடு அளக்காதீர்கள். மேலே தண்ணீராகவும் கீழே அமிலமாகவும் நிற்பதால் பொய்க் கணக்கு வரும்.

மிதவையில் படிக்கும் எண், கரைசல் தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்பதைச் சொல்கிறது; வெறும் தண்ணீர் என்றால் 1.000. கோல்ஃப் கார்ட் பேட்டரியில் முழு சார்ஜுக்கு அது 1.275க்குப் பக்கத்தில் வர வேண்டும். வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி பார்த்துப் பழகிய எலக்ட்ரீசியன்கள் 1.240 வந்தாலே ‘ஓகே’ என்பார்கள். அந்த டியூபுலர் பேட்டரிக்கு அது சரி. இங்கே 1.240 என்றால் எண்பது சதவீதம்தான் ஏறியிருக்கிறது. அளவெல்லாம் 27 டிகிரி வெப்பத்துக்குச் சொல்வது. அதைவிட 10 டிகிரி கூடினால் வந்த அளவோடு 0.007 கூட்டிக்கொள்ள வேண்டும், குறைந்தால் கழிக்க வேண்டும். ஏற்காட்டுக் காலையில் எடுத்த அளவையும் சேலத்து மத்தியானத்தில் எடுத்த அளவையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் குழப்பம்தான் மிஞ்சும்.

ஹைட்ரோமீட்டரின் அருமை என்னவென்றால், மல்டிமீட்டர் மூன்று செல்லையும் கூட்டித்தான் சொல்லும், இது ஒவ்வொரு செல்லையும் தனியாகப் பேச வைக்கும். எங்கள் செட்டில் 24 செல். ஏழாவது பேட்டரியில் 1.250, 1.245, 1.190. எட்டாவதில் 1.240, 1.180, 1.235. ஒரே பேட்டரியின் செல்களுக்குள் 0.050க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்தச் செல் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். முதலில் சார்ஜரில் ஈக்வலைஸ் வசதி, அதாவது எல்லாச் செல்லையும் சமப்படுத்த வேண்டுமென்றே கொஞ்சம் கூடுதலாகச் சார்ஜ் ஏற்றும் வசதி இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள். கரைசல் அடியில் தேங்காமல் கலந்து, லேசாகப் படிந்த சல்பேட்டும் கழன்று சில செல்கள் மீளும். நாங்களும் போட்டுப் பார்த்தோம். 1.190 இருந்தது 1.200க்கு வந்தது, அதற்கு மேல் நகரவில்லை. மாறாக எல்லாச் செல்லும் ஒரே மாதிரி குறைவாக இருந்தால் பேட்டரியைக் குற்றம் சொல்லும் முன் சார்ஜரைப் பாருங்கள். நேரத்துக்கு முன்பே அது நின்றுவிடுகிறதா என்று ஒரு ராத்திரி விழித்திருந்து பார்ப்பதில் தப்பில்லை.

மூன்றாவது: மடையைத் திறப்பது

இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஓட்டுவார், மற்றவர் மீட்டரோடு பார்ப்பார். ஏற்றமான, ஆள் நடமாட்டம் இல்லாத சாலை உத்தமம். எங்களுக்குச் சமையல்கட்டிலிருந்து வரவேற்பறைக்கு ஏறும் சரிவு. மீட்டர் முனைகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் வண்டியில் தொங்காதீர்கள். முதலை வாய் கிளிப் உள்ள ஒயரை டெர்மினலில் மாட்டி, மீட்டரைச் சீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஏற்றத்துக்கு ஒரு பேட்டரி, எட்டு பேட்டரிக்கு எட்டு ஏற்றம். பொறுமை வேண்டும். ஆனால் சொல்ல வந்த விஷயம் முழுக்க இந்த எட்டு ஏற்றத்தில்தான் இருக்கிறது.

தம்பி ஆக்சிலரேட்டரை அழுத்தினான். முதல் பேட்டரி 6.31லிருந்து 5.83க்கு இறங்கி அங்கேயே நின்றது. இரண்டாவது 5.81. ஆறாவது வரை எல்லாம் 5.75க்குக் குறையவில்லை. ஏழாவதில் கிளிப்பை மாட்டிக் கிளம்பினோம். 5.5, 5.2, 4.9... சரிவின் பாதியிலேயே 4.6. வண்டி திணறியது. காலை எடுக்கச் சொன்னேன். இரண்டு நிமிடத்தில் மீட்டரில் எண் மெல்ல ஏறி மறுபடி 6.1ஐத் தொட்டது. “அண்ணே, இப்ப நல்லாத்தானே காட்டுது” என்றான் தம்பி. அந்த மீட்டரை அவன் கையிலேயே கொடுத்து எட்டாவதையும் அளக்கச் சொன்னேன். சரிவு முடியும்போது அவன் எதுவும் பேசவில்லை, எண்ணை மட்டும் காட்டினான்: 4.3.

லோடில் இருக்கும்போது செட்டில் நன்றாக நிற்கும் பேட்டரியைவிட அரை வோல்ட்டுக்கு மேல் தாழும் ஆறு வோல்ட் பேட்டரியை நம்ப முடியாது. இதையே முறையாகச் செய்ய டிஸ்சார்ஜ் டெஸ்டர் என்று ஒரு கருவி இருக்கிறது. மாறாத கரண்டை இழுத்து, செல்லுக்கு 1.75 வோல்ட் என்ற மட்டத்துக்கு, அதாவது 48 வோல்ட் செட் 42க்கு இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று எண்ணும். இந்த வகையில் பிரபலமான ஆறு வோல்ட் பேட்டரி ட்ரோஜன் டி-105 புதிதாக இருக்கும்போது 75 ஆம்பியரில் 115 நிமிடம் தாங்கும். உங்கள் செட் அதில் பாதிக்கு வந்துவிட்டால் புதுசுக்குப் பணம் ஒதுக்கத் தொடங்கலாம். கார் பேட்டரிக் கடையில் சில விநாடி அழுத்திப் பார்க்கும் டெஸ்டர் இதற்குச் சரிப்படாது. அது இஞ்சினை ஸ்டார்ட் செய்யும் சக்தியைப் பார்ப்பது. நமக்கு வேண்டியது நெடுநேரம் இழுக்கும் சக்தி.

ஏன் அந்த இரண்டு மட்டும்?

பேட்டரி மாற்றும் அவசரத்தில் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. எட்டும் ஒரே நாளில் வாங்கியவை, வயது மூன்றரை. பின் சீட்டுக்குக் கீழே குனிந்து பார்த்தபோது ஏழாவது, எட்டாவது பேட்டரிகளிலிருந்து மெல்லிய சிவப்புக் கறுப்பு ஒயர் ஒன்று கிளம்பி ஸ்பீக்கருக்குப் போனது. ஆறும் ஆறும் பன்னிரண்டு. பாட்டுப் பெட்டிக்குப் பன்னிரண்டு வோல்ட் வேண்டும் என்று யாரோ சுலபமாக வழி கண்டிருக்கிறார்கள். தினமும் அந்த இரண்டு மட்டும் கூடுதலாகக் காலியாகும். சார்ஜரோ எட்டையும் ஒன்றாகக் கணக்குப் பார்த்து நின்றுவிடும். அந்த இரண்டுக்கு மட்டும் ஒருநாளும் வயிறு நிறைந்ததில்லை. பசியோடு கிடந்த தகட்டில் சல்பேட் இறுகிவிட்டது.

லைட், ஹாரன், ஸ்பீக்கர், போன் சார்ஜர் எது மாட்டினாலும் 48 வோல்ட்டை 12 ஆக்கித் தரும் கன்வெர்ட்டர் ஒன்றை மொத்தச் செட்டின் இரு முனைகளில் மாட்டுங்கள். இதைச் சரிசெய்யாமல் புதுப் பேட்டரி போட்டிருந்தால் அதே இடத்தில் அதே இரண்டு மறுபடியும் போயிருக்கும்.

ஒன்றை மாற்றுவதா, எல்லாவற்றையுமா

பொது விதி: எல்லாவற்றையும் ஒரே பிராண்டில், ஒரே மாடலில், ஒரே சமயத்தில் மாற்ற வேண்டும். காரணம் மறுபடியும் அந்தக் கலவைச் சட்டி வரிசைதான். மூன்று வயசு ஆன ஆறு பேட்டரிக்கு நடுவே புதிதாக இரண்டைப் போட்டால், பழையவற்றின் அளவுக்குத்தான் புதியவையும் உழைக்க முடியும். சார்ஜ் ஏறும்போது பழையதும் புதியதும் ஒரே நேரத்தில் நிறையாது. ஒன்று பொங்கும், ஒன்று அரைகுறையாக நிற்கும். கொடுத்த பணத்துக்குப் புது பேட்டரி சீக்கிரமே பழையதோடு சேர்ந்து கிழடாகிவிடும்.

விதிவிலக்கு இரண்டு. செட் வாங்கி ஒரு வருடம்கூட ஆகாமல் ஒன்று மட்டும் பழுதானால், அதே மாடலில் ஒன்றை மாற்றலாம், வாரண்டியும் இருக்கும். இரண்டாவது, அதே வயதுள்ள நல்ல பேட்டரி கிடைத்தால் பொருத்தலாம். எங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இருந்தது. அதே நாளில் வாங்கிய இன்னொரு வண்டி மோட்டார் எரிந்து ஓரமாக நின்றிருந்தது, அதன் பேட்டரிகளுக்கு மாதாமாதம் சார்ஜ் போட்டு வைத்திருந்தோம். அதிலிருந்து இரண்டைச் சோதித்து எடுத்துப் போட்டதில் மேலும் எட்டு மாதம் ஓடியது. அதன் பிறகு முழுச் செட்டையும் மாற்றினோம். நல்ல பராமரிப்பில் நான்கிலிருந்து ஆறு வருடம் வந்தால் திருப்திப்படலாம். தரைநாட்டு வெயிலில் நின்று தினமும் ஓடும் வண்டிக்கு அவ்வளவு எதிர்பார்க்காதீர்கள்.

லித்தியம் போடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். எடை பாதிக்கும் கீழே, தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை. ஆனால் சார்ஜரை மாற்ற வேண்டும், மேலே சொன்ன வோல்ட்டேஜ் கணக்கும் ஹைட்ரோமீட்டரும் அதற்கு உதவாது, முதல் செலவு கனம். தினமும் நாள் முழுக்க ஓடும் வண்டிக்கு அது கட்டுப்படியாகலாம். வாரத்துக்கு நான்கு டிரிப் அடிக்கும் வண்டிக்கு எனக்கு இன்னும் மனசு வரவில்லை.

மாற்றும் நாள்

சாவியை எடுத்து, கியர் சுவிட்சை நியூட்ரலில் வைத்து, ரன்-டோ சுவிட்ச் (ஓடும் நிலை, கட்டி இழுக்கும் நிலை என்று மாற்றும் சுவிட்ச்) இருந்தால் ‘டோ’வுக்குத் தள்ளுங்கள். எதையும் கழற்றும் முன் போனில் நாலு கோணத்தில் படம் எடுங்கள். நானும் எடுக்கிறேன், எத்தனை வண்டி பார்த்திருந்தாலும். படத்தோடு ஒரு தாளில் எந்த பிளஸ் எந்த மைனஸுக்குப் போகிறது என்று வரைந்தும் வைத்துக்கொள்ளுங்கள்.

மொத்தச் செட்டின் மெயின் மைனஸ் கேபிளை முதலில் கழற்ற வேண்டும், பிறகு மெயின் பிளஸ், அதன் பிறகு நடு இணைப்புகள். ஒரு பேட்டரி 28 கிலோ. எட்டும் சேர்ந்தால் 224 கிலோ. பேட்டரி தூக்கும் பட்டை வாங்கிக்கொள்ளுங்கள், இருவராகத் தூக்குங்கள், இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்குங்கள். காலியான தட்டை ஆப்ப சோடாத் தண்ணீரால் கழுவினால் நுரை வரும். நுரை நிற்கும்வரை கழுவி, காயவிட்டு, துரு இருந்தால் சுரண்டிப் பெயின்ட் அடியுங்கள். இந்த இடம் மறுபடி திறக்கக் கிடைக்க வருடங்கள் ஆகும்.

புதியவை பெரும்பாலும் பாதி சார்ஜுக்கு மேல் இருக்கும், ஆனால் எல்லாம் ஒன்று போல இருக்காது. பொருத்தும் முன் எட்டையும் அளந்து எழுதுங்கள், தயாரிப்புத் தேதிக் குறியையும் பாருங்கள். கேபிள் முனையில் இருக்கும் உலோக வளையம், அதாவது லக், நேரடியாக ஈய டெர்மினலின் மேல் உட்கார வேண்டும். வாஷர் அதற்கு மேலேதான். லக்குக்கு அடியில் வாஷரை வைத்து டெர்மினல் உருகிய வண்டியை என் கையாலேயே பிரித்திருக்கிறேன். ஈயம் மிருதுவான உலோகம், முழு பலத்தையும் போட்டு முறுக்கினால் மரை போய்விடும். தளரவிட்டாலோ சூடேறி உருகும். நட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற டார்க் அளவு பேட்டரியோடு வரும் தாளில் இருக்கும், டார்க் ரெஞ்ச் இரவல் வாங்கியாவது அந்த அளவில் முறுக்குங்கள். அரித்த கேபிள்களை இதே நாளில் மாற்றிவிடுவது நல்லது.

நடு இணைப்புகளை முடித்து, மெயின் பிளஸ் மாட்டி, மெயின் மைனஸ் மாட்டும் முன் நிறுத்துங்கள். செட்டின் இரு முனைகளிலும் மீட்டர் வையுங்கள். 48 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும். 36க்குப் பக்கத்தில் வந்தால் எங்கோ ஒரு பேட்டரி தலைகீழாக மாட்டியிருக்கிறது. மைனஸ் குறி வந்தால் மொத்தமும் தலைகீழ். மோட்டாருக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரை இந்த அரை நிமிடம் காப்பாற்றும். எல்லாம் சரி என்றால் மெயின் மைனஸைக் கடைசியாக மாட்டுங்கள். அப்போது வரும் சின்னப் பொறிக்குப் பயப்பட வேண்டாம், கன்ட்ரோலருக்குள் இருக்கும் கபாசிட்டர் நிரம்புவதுதான் அது. ஆனால் அந்தப் பொறி வரும் என்பதால், மாட்டும் முன்பே மூடிகளைத் திறந்து காற்றாட விட்டு, மறுபடி மூடிவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும்.

ஓட்டும் முன் ஒரு முழு சார்ஜ். முதல் சில வாரம் தூரத்தைக் குறைத்தே ஓட்டுங்கள். புதுப் பேட்டரி முழுக் கொள்ளளவுக்கு வர ஐம்பது தடவைக்கு மேல்கூட சார்ஜ் ஏறி இறங்க வேண்டியிருக்கும். “புதுசு போட்டும் பழைய தூரம் வரலையே” என்று முதல் வாரத்தில் கலங்காதீர்கள். பழைய பேட்டரிகளைத் தெருவோர இரும்புக் கடையில் போடாமல், புதிது வாங்கிய கடையிலேயே கொடுங்கள். ஈயத்துக்கு விலை உண்டு, கழித்துக்கொள்வார்கள். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அவற்றைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளரின் பொறுப்பு.

தம்பியிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு கொடுத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை, முழு சார்ஜுக்கு மறுநாள் காலை, எட்டு எண்களையும் அவனே எழுதுகிறான். தண்ணீர் எவ்வளவு ஊற்றினான் என்பதும் பக்கத்திலேயே இருக்கும். போன மாதப் பக்கத்தில் மிக அதிகம் 6.37, மிகக் குறைவு 6.35. ஏழுக்கும் எட்டுக்கும் நேரே அவனாகவே ஒரு டிக் போட்டிருந்தான்.